அந்தப் புல்லை யார் அறுப்பது?

"ஏன்டா, அவரு சொன்னாரே ஒரு புல்லு, கடைசியில அத யாரு அறுக்கறது?"

கருத்தரங்கு முடிந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது என் அத்தை கேட்ட கேள்வி இது. அரை நாளாக அங்கே பேசிய யாரும் கேட்கவில்லை. எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு, கூட்டம் பேசிக்கொண்டும் கட்டுரை எழுதிக்கொண்டும் திரிகிற எனக்கும் தோன்றவில்லை. இந்தக் கட்டுரை அதற்கு நான் சொல்லிப் பார்க்கிற பதில். பதில் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு வருஷமாக அந்தக் கேள்வியோடு நான் போட்டுக்கொண்டிருக்கிற சண்டை.

பாலாற்றங்கரை ஊர் ஒன்றில், ஒரு கல்லூரியில் கருத்தரங்கு. பாலாறும் தோல் கழிவும் என்பது பொருள். 'இலக்கியத்தில் ஆறு' என்று பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆற்றைப் பற்றிப் பேச இலக்கியக்காரன் இருந்தான். கழிவைப் பற்றிப் பேச விஞ்ஞானி இருந்தார். கழிவை அள்ளியவர்களைப் பற்றிப் பேச யாரும் இல்லை. அன்றைக்கு அத்தைக்கு அதே ஊர் ஆஸ்பத்திரியில் காலைக் காட்ட வேண்டியிருந்தது. அதனால் கூட வந்தாள். கடைசி வரிசையில், செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

மதியத்துக்கு முன்னால் ஓர் இளம் ஆராய்ச்சியாளர் பேசினார். தமிழிலேயே, எல்லோருக்கும் புரிகிற மாதிரி பேசினார். செடியின் வேருக்குள்ளும் தண்டுக்குள்ளும் இலைக்குள்ளும், செடிக்கு எந்தத் தீங்கும் செய்யாமல் குடியிருக்கிற நுண்ணுயிர்கள் உண்டு. உள்வாழ் நுண்ணுயிர்கள் என்று அவற்றைச் சொன்னார். மிதக்கிற பாய் ஒன்றைச் செய்து, அதில் நாணலையோ சம்பையோ தண்ணீர்ப்புல்லையோ நட்டுக் கழிவுநீர்க் குட்டையில் மிதக்கவிட வேண்டும். வேர்கள் தாடிபோலத் தண்ணீருக்குள் தொங்கும். கழிவைச் சிதைக்கக்கூடிய நுண்ணுயிர்களைத் தேர்ந்தெடுத்து வளர்த்து அங்கே விட்டால், அவை வேரில் ஒட்டும், வேருக்குள் புகும், தண்டுவரை ஏறும். செடி அவற்றுக்கு இடமும் சர்க்கரையும் பிராணவாயுவும் கொடுக்கும். பதிலுக்கு அவை கழிவைத் தின்னும். நஞ்சு ஏறிய செடி வாடும்போது அதன் உடம்பில் எத்திலீன் என்கிற வாயு ஊறும். அதன் ஊற்றையே குறைத்து, செடியைப் பிழைக்கவைக்கிற நுண்ணுயிர்களும் அவற்றில் உண்டு. மின்சாரம் பெரிதாகத் தேவையில்லை. செலவும் குறைவு.

கேட்கக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. கடைசியில் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இவங்கதான் கண்ணுக்குத் தெரியாத தோட்டிகள். இயற்கை நமக்குக் கொடுத்த தோட்டிகள்." அரங்கம் கை தட்டியது. நான் தட்டவில்லை. நாலாம் வகுப்பில் 'காக்கை ஓர் ஆகாயத் தோட்டி' என்று வாத்தியார் பாடம் நடத்திய நாளில் வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது ஞாபகம் வந்தது. அந்த ஆராய்ச்சியாளர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கெட்ட எண்ணமே இல்லாமல் ஒரு சொல் நாக்கில் வந்து உட்கார்கிறது என்பதுதான் கவலைப்பட வேண்டிய சங்கதி.

அத்தைக்குத் தோட்டி என்ற சொல் உறைக்கவில்லை. அல்லது உறைத்து உறைத்து மரத்துப்போயிருக்கும். அவளுக்குப் புல்தான் உறைத்தது.

அவள் பதினொரு வருஷம் ஒரு தோல் ஷாப்பில் வேலை பார்த்தவள். எங்கள் பக்கம் தோல் தொழிற்சாலையை ஷாப்பு என்றுதான் சொல்வோம். கழிவுநீரைத் தெளியவைத்த பிறகு அடியில் தங்குகிற சேற்றை வெயிலில் காயப்போடுவார்கள். காய்ந்ததைச் சுரண்டி அள்ளி மூட்டை கட்ட வேண்டும். அதுதான் அவள் வேலை. முதல் மாதம் கையுறை கொடுத்தார்கள். கிழிந்த பிறகு கொடுக்கவில்லை. இன்று அவள் உள்ளங்கால் வெடித்த ஏரி மாதிரி இருக்கிறது. என் நைனாவும் அங்கேதான், சுண்ணாம்புத் தொட்டியில் இருந்தார். "தோலைப் பதம் பண்ணப்போயி எங்க தோலு பதமாயிடுச்சு" என்பார்.

தண்ணீர் சுத்தமாகிறது என்று யாராவது சொன்னால், அடியில் தங்குவதை யார் அள்ளுவது என்று அத்தைக்குத் தோன்றத்தான் செய்யும். சுத்தம் என்பதற்கு ஓர் அடிப்பக்கம் உண்டு என்று அவள் உடம்புக்குத் தெரியும்.

*

நான் தமிழ் படித்தவன். சொல்லில் இருந்துதான் தொடங்க வருகிறது.

கழிவுநீரைத் தெளிவிக்கிற இடத்துக்குச் சுத்திகரிப்பு நிலையம் என்று பெயர். தீட்டுப்பட்ட இடத்தில் மந்திரம் சொல்லிச் செய்கிற சடங்குக்கும் சுத்தி என்றுதான் பெயர். ஒரு சொல்லை இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறோம். தீட்டையும் மாசையும் ஒன்றாக நினைக்கப் பழகிய ஒரு சமூகத்துக்கு இது வசதியான ஏற்பாடு.

1927 மார்ச் 20ஆம் தேதி, மகாராஷ்டிரத்தின் மகாட் நகரில் சவுதார் குளத்தில் அம்பேத்கர் தன் மக்களோடு போய்த் தண்ணீர் எடுத்துக் குடித்தார். பொதுக் குளங்களை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இலேயே தீர்மானம் போட்டிருந்தது. ஆனாலும் அந்த மக்கள் அடித்து நொறுக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு சாதி இந்துக்கள் குளத்துக்குச் சுத்தி செய்தார்கள். சாணமும் மூத்திரமும் பாலும் தயிரும் கலந்த 108 குடங்களைத் தண்ணீரில் கொட்டினார்கள். யோசித்துப் பாருங்கள். குடிக்கிற தண்ணீரில் சாணத்தைக் கொட்டுகிறவன் அதைச் சுத்தம் செய்ததாகச் சொல்கிறான். தாகத்துக்கு ஒரு கை அள்ளிக் குடித்தவன் அதை அசுத்தம் செய்தவன் ஆகிறான்.

இப்போது பாலாற்றுக்கு வாருங்கள். பச்சைத் தோலைப் பதப்படுத்த ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இருந்தன. பிறகு குரோமிய உப்பு வந்தது. வேலை சீக்கிரம் முடிகிறது, தோல் மிருதுவாக வருகிறது. ஆனால் போடுகிற குரோமியம் முழுவதையும் தோல் குடிப்பதில்லை. மிச்சம் தண்ணீரோடு வெளியே போகிறது. கூடவே உப்பு, சுண்ணாம்பு, சல்பைடு, மயிர், கொழுப்பு, சாயம். 1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு வந்தது. தோல் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பயிருக்கு லாயக்கற்றுப் போனது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. மாசு செய்தவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டதும் அந்த வழக்கில்தான். வழக்குப் போட்டபோது எங்கள் மாவட்டத்தின் பெயர் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். குளத்துத் தண்ணீருக்காகப் போராடியவரின் பெயரை வைத்த மாவட்டத்தில் ஆறு செத்துக்கொண்டிருந்தது.

தீர்ப்புக்குப் பிறகும் ஆறு எழுந்து நடந்துவிடவில்லை. 2015 ஜனவரி 31 விடியலுக்கு முன்னால், ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மூழ்கிப் பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்தில் இருந்து பிழைக்க வந்தவர்கள். சுத்திகரிக்கிற இடமே கொன்றது. 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்பில் இழப்பீட்டையும் சீரமைப்பையும் பற்றி உத்தரவு போட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்பு வந்து இருபத்தெட்டு வருஷம் கழித்து.

இல்லாத தீட்டை நீக்க 108 குடத்தோடு ஓடி வருகிற சமூகம், இருக்கிற மாசை நீக்க ஒரு தலைமுறைக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. தீட்டுக்கு அளவுகோல் கிடையாது. ஒரு நிழல் போதும். மாசுக்கு அளவுகோல் உண்டு. ஆற்றில் விடுகிற தண்ணீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, அதில் கொடிய வகையான ஆறு இணைதிறன் குரோமியம் 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. அளக்க முடியாததற்கு அவசரம். அளந்து எழுதி வைத்ததற்கு நிதானம். மேலே இருக்கிறவன்மேல் படுவதாக நினைப்பது தீட்டு. கீழே இருக்கிறவன்மேல் உண்மையாகவே வந்து விழுவது மாசு. அவ்வளவுதான் வித்தியாசம்.

பாலாற்றங்கரையில் நிலம் வைத்திருந்த எல்லாச் சாதி விவசாயியும் அழுதான் என்பதை நான் மறைக்கவில்லை. அவன் கிணறும் கெட்டது. ஆனால் அவன் கெட்ட கிணற்றை விட்டு விலகி நிற்க முடிந்தது. கழிவுக்குள் இறங்கி நின்றவர்கள் எங்கள் ஆட்கள்.

*

அந்த நுண்ணுயிர்களைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். தமிழ் வாத்தியாராக வேண்டியவன் வேதியியல் படிப்பதைப் பார்த்து நண்பர்கள் சிரித்தார்கள். படித்ததில் அத்தையின் கேள்விக்கு ஒரு வழி கிடைத்தது.

2004இல் பெல்ஜியத்து ஆராய்ச்சியாளர்கள் லூப்பின் என்ற பயறுவகைச் செடியில் ஒரு சோதனை செய்து வெளியிட்டார்கள். டொலுவீன் என்பது பெட்ரோலிலும் வண்ணப்பூச்சிலும் இருக்கிற, சீக்கிரம் ஆவியாகிற நஞ்சு. செடி அதை வேரால் உறிஞ்சும். உறிஞ்சி என்ன செய்யும்? இலை வழியாகக் காற்றில் விட்டுவிடும். தண்ணீர் சுத்தம். காற்று அசுத்தம். டொலுவீனைச் சிதைக்கத் தெரிந்த உள்வாழ் நுண்ணுயிரைச் செடிக்குள் குடியேற்றியபோது, இலை வழியாக வெளியேறுகிற டொலுவீன் 50 முதல் 70 சதம்வரை குறைந்தது. அந்த நுண்ணுயிர் அதைச் செடிக்குள்ளேயே தின்று தீர்த்தது.

இதில் ஓர் உண்மை இருக்கிறது. சுத்தம் செய்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் அழுக்கு வேறொன்றாக மாறுகிறது. இன்னொன்றில் அழுக்கு வேறோர் இடத்துக்குப் போகிறது. முதலாவதைச் சீரணம் என்று சொல்லலாம். இரண்டாவதற்கு நம் ஊரில் நல்ல பெயர் ஒன்று இருக்கிறது: கழிப்பு. திருஷ்டி கழித்துப் பூசணிக்காயை எங்கே கொண்டுபோய் உடைக்கிறோம்? முச்சந்தியில். மிதிக்கிறவனுக்குப் போகட்டும் என்று. வீட்டைவிட்டுப் பீடை போனது. யார் வீட்டுக்குப் போனது என்று யாரும் கேட்பதில்லை.

சாயப்பட்டறைக் கழிவில் இருக்கிற அசோ சாயங்களையும் சில நுண்ணுயிர்கள் தம் நொதியால் உடைக்கின்றன. உடைந்த துண்டுகளை மேலும் சிதைக்க வேறு நுண்ணுயிர்கள் வேண்டும். முழுக்கச் சிதைந்தால் மிஞ்சுவது பெரும்பாலும் கரியமிலவாயுவும் தண்ணீரும். பாதியில் நின்றால் மூலச் சாயத்தைவிட நஞ்சான பொருள் மிஞ்சலாம். கொழுப்பு, புரதம், எண்ணெய் இவற்றையும் தின்னும். இதெல்லாம் சீரணம்.

குரோமியம் அப்படி இல்லை. அது உலோகம். அதை எந்த உயிரும் தின்று தீர்க்க முடியாது. புற்றுநோய் உண்டாக்குகிற ஆறு இணைதிறன் குரோமியத்தை, அவ்வளவு கொடியதல்லாத மூன்று இணைதிறன் குரோமியமாக மாற்ற நுண்ணுயிர்களால் முடிகிறது. அதுவே பெரிய உதவிதான். ஆனால் குரோமியம் குரோமியமாகவே இருக்கும். தண்ணீரில் இருந்தது சேற்றில் படியும், வேரில் ஏறும், கொஞ்சம் தண்டுக்கும் இலைக்கும் போகும். செடி செத்து அதே குட்டையில் விழுந்து அழுகினால் மறுபடி தண்ணீருக்கே வரும். அதனால் செடியை அவ்வப்போது அறுத்து வெளியேற்றத்தான் வேண்டும்.

அத்தை கேட்டது இதைத்தான். சாயமும் கொழுப்பும் மட்டும் இருக்கிற தண்ணீரில் அவள் கேள்விக்கு அவ்வளவு வேலை இல்லை. குரோமியம் இருக்கிற தண்ணீரில் அவள் கேள்விதான் முதல் கேள்வி. வேதியியல் ஒரு வரியும் படிக்காமல் அவள் சரியான இடத்தில் கை வைத்துவிட்டாள்.

2015இல் பாகிஸ்தானைச் சேர்ந்தவர்கள் பங்கெடுத்த ஓர் ஆய்வு வெளிவந்தது. தோல் கழிவு தேங்கிக் கெட்ட மண்ணில் வளர்ந்த சீமைக்கருவேல மரத்தின் வேரிலும் உடம்பிலும் குரோமியத்தைத் தாங்கி வாழ்கிற நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்தார்கள். வேறு செடிகளோடு சேர்த்தால் அவை அந்தச் செடிகளையும் கெட்ட மண்ணில் பிழைக்கவைக்கின்றன என்று கண்டார்கள். அதைப் படித்ததும் எனக்கு வேறு ஞாபகம். பாலாற்று மணலில் முள் மரம் இல்லாத இடம் எங்கே இருக்கிறது? அதை வெட்டி அடுப்பெரிக்கிறவர்கள் யார்? கரிமூட்டம் போடுகிறவர்கள் யார்? மரம் மண்ணில் இருந்து எதையெல்லாம் எடுத்து வைத்திருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? விஞ்ஞானிக்கு அது உலோகத்தை ஈர்க்கும் மரம். என் பெரியம்மாவுக்கு அது விறகு.

சாதியும் உலோகத்தைப் போலத்தான் நடந்துகொள்கிறது. மதம் மாறினால் மதத்துக்குள் வருகிறது. பட்டணம் போனால் பட்டணத்துக்கு வருகிறது. இடம் மாறுகிறதே தவிர அழிவதில்லை. இதை உவமைக்காகச் சொல்லவில்லை. அந்த நுண்ணுயிர்களை மிகப் பெரிய அளவில் வேலைக்கு விட்ட ஊரையே பார்ப்போம்.

*

பாகிஸ்தானின் பைசலாபாத் பெரிய ஜவுளி நகரம். அங்கே இருக்கிற தேசிய உயிரித்தொழில்நுட்ப, மரபுப் பொறியியல் நிறுவனத்தார் ஊர்ச் சாக்கடையும் ஆலைக் கழிவும் வந்து சேர்கிற குட்டைகளில் மிதவைப் பாய்களை விட்டு, தேர்ந்தெடுத்த நுண்ணுயிர்களையும் சேர்த்தார்கள். 2019இல் வெளியான அவர்களுடைய ஆய்வின்படி, தண்ணீரில் இருக்கிற கழிவின் சுமையைக் காட்டுகிற வேதி ஆக்ஸிஜன் தேவை 79 சதம்வரையும், உயிரிய ஆக்ஸிஜன் தேவை 88 சதம்வரையும் குறைந்தது. ஆயிரம் லிட்டருக்கு ஆன செலவு நம் காசில் இரண்டு பைசாவை ஒட்டி வருகிறது. ஏழை நாடுகளுக்கு இது எவ்வளவு பெரிய கொடை என்று சொல்லத் தேவையில்லை. அந்த விஞ்ஞானிகளை நான் வணங்குகிறேன்.

அதே பஞ்சாபில் சாக்கடைக்குள் மனிதர்கள் இறங்கிக்கொண்டும் இருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். அவர்களுடைய முன்னோர் சூரா என்று ஒதுக்கிவைக்கப்பட்ட தீண்டாச் சாதியார். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கூட்டம் கூட்டமாக வேதத்துக்குப் போனவர்கள். மதம் மாறிற்று, நாடு பிரிந்தது, ஆட்சிகள் மாறின. துடைப்பம் மட்டும் கை மாறவில்லை. துப்புரவு வேலைக்கான விளம்பரங்களில் 'முஸ்லிம் அல்லாதோர் மட்டும்' என்று அச்சடித்தே வந்திருக்கிறது. 2017இல் சிந்து மாநிலத்தின் உமர்கோட்டில் சாக்கடையில் விஷவாயு தாக்கிய தொழிலாளி ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரம்ஜான் நோன்பில் இருந்த மருத்துவர், உடம்பில் அழுக்கு இருப்பதால் கழுவிய பிறகுதான் தொடுவேன் என்றதாகக் குடும்பத்தார் குற்றம் சாட்டினார்கள். அவர் செத்துப்போனார்.

ஒரே நாட்டில் ஒரு பக்கம் நுண்ணுயிர் சாக்கடையைத் தின்கிறது. இன்னொரு பக்கம் சாக்கடை மனிதனைத் தின்கிறது. நுண்ணுயிர் வந்தால் மனிதன் தானாக மேலே ஏறி வந்துவிடுவான் என்று நம்புகிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். தொழில்நுட்பம் வேலையை மாற்றும். அந்த வேலைக்கு இன்னார்தான் என்று எழுதி வைத்ததை அது மாற்றாது. தொழிலைப் பிரிப்பதும் தொழிலாளியைப் பிரிப்பதும் வேறு வேறு என்று 1936இலேயே அம்பேத்கர் காட்டியது இதைத்தான். இந்தியாவில் 2013இல் சட்டம் வந்தது. 2014இல் சாக்கடைச் சாவுக்குப் பத்து லட்சம் என்றும், 2023இல் முப்பது லட்சம் என்றும் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை நிர்ணயித்தது. சாவின் விலை ஏறியிருக்கிறது. சாகிறவர்கள் மாறவில்லை.

*

கருத்தரங்கு முடிந்து சில நாள் கழித்து அந்த ஆராய்ச்சியாளருக்குப் போன் செய்து அத்தையின் கேள்வியைக் கேட்டேன். நல்ல மனிதர், மழுப்பவில்லை. "திட்டச் செலவுல அறுவடை, அப்புறப்படுத்தல், கூலின்னு ஒரு வரி இருக்குது சார். அதுக்கு மேல நாங்க யோசிக்கல" என்றார்.

அத்தையிடம் சொன்னேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டாள்: "கூலி எவ்ளோ போட்டிருக்காங்க?"

நான் வாயடைத்து நின்றேன். என் சித்தாந்தம் அவளுடைய அரிசிப் பானைக்கு முன்னால் நின்றது. 1996 தீர்ப்பை ஒட்டி ஷாப்புகள் மூடப்பட்டபோது எங்கள் தெருவில் அடுப்பெரியவில்லை என்று நைனா சொல்லியிருக்கிறார். "தொறந்தா தண்ணி இல்ல, மூடுனா சோறு இல்ல" என்பது எங்கள் தெருவில் அப்போது பிறந்த பழமொழி. சுற்றுச்சூழல் பேசுகிற தோழர்களில் சிலர் இந்த இரண்டாம் பாதியைக் கேட்பதே இல்லை. தொழிற்சங்கம் பேசுகிறவர்களில் சிலர் முதல் பாதியைக் கேட்பதில்லை. எங்களுக்கு இரண்டு பாதியும் ஒரே வாயில் இருக்கிறது.

அவளுக்குக் கூலி வேண்டும். அது அவள் உரிமை. ஆனால் கூலி கொடுத்துவிட்டதாலேயே ஒரு வேலை நியாயமாகிவிடாது. வேறு வழியே இல்லாமல் வைத்துவிட்டு, அவளாக விரும்பி வந்தாள் என்று சொல்வது பழைய தந்திரம். நுண்ணுயிர் வந்தால் அவள் வேலை போய்விடும் என்று பயம் காட்டி அழுக்கை அழுக்காகவே வைத்திருப்பதும் தந்திரம். புல் அறுக்கிற வேலை அவள் மகளுக்கும் பேத்திக்கும் பாத்தியப்பட்டதாக ஆகாமல் இருக்க வேண்டும். அதுவரை யார் அறுத்தாலும் உடம்பு கெடாமல், மரியாதைப்பட்ட சம்பளத்தோடு அறுக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகக் கேட்கத்தான் நமக்குத் துணிவு வேண்டும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். இடையில் ஒரு கூட்டத்தில் நான் இப்படிப் பேசினேன்: "அழுக்கைத் தின்கிற நுண்ணுயிரைச் செடி தன் உடம்புக்குள் வைத்துச் சோறு போடுகிறது. அழுக்கை எடுக்கிற எங்களை ஊர் வெளியே வைத்தது. செடிக்கு இருக்கிற அறிவு ஊருக்கு இல்லை." பலமான கைதட்டல். ராத்திரி படுத்தபோது உறுத்தியது. இயற்கையைக் காட்டி அறம் சொல்வது யாருடைய வழக்கம்? தேனீயைக் காட்டி, எறும்பைக் காட்டி, படைப்பிலேயே அவரவருக்கு ஒரு வேலை என்று வருணத்துக்கு வக்காலத்து வாங்கியவர்கள் செய்ததும் இதுதானே. செடி நல்லதும் செய்யவில்லை, கெட்டதும் செய்யவில்லை. அது பிழைக்கிறது. நியாயம் மனிதர்கள் முடிவு செய்கிற காரியம். அதற்குப் புல்லைச் சாட்சிக்கு இழுக்க வேண்டியதில்லை.

அப்படியானால் நுண்ணுயிரிடம் அழுக்கைக் கொடுப்பது ஏன் சரி, மனிதனிடம் கொடுப்பது ஏன் தப்பு? நுண்ணுயிருக்கு அது இரை. அத்தைக்கு அது நோய். நுண்ணுயிரின் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால்தான் தோட்டி என்ற சொல்லை அதன்மேல் ஒட்டாதீர்கள் என்கிறேன். நுண்ணுயிருக்கு அதனால் அவமானம் இல்லை. ஆனால் காக்கைக்கும் கிருமிக்கும் அந்தப் பெயரைச் சூட்டச் சூட்ட, மனிதர்கள்மேல் அடித்துத் திணித்த வேலை ஏதோ இயற்கையாக முளைத்தது மாதிரி ஆகிவிடுகிறது. தோட்டி இயற்கையில் கிடையாது. மனிதன் மனிதனைத் தோட்டி ஆக்கினான்.

*

நான் வந்து சேர்ந்திருக்கிற இடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நுண்ணுயிர்கள் வரட்டும். மிதவைப் பாய்கள் வரட்டும். அவற்றைச் சந்தேகத்தோடு தள்ளிவிடுவது நமக்குக் கட்டாது, சாக்கடைக்குள் இருப்பது நம் ஆட்கள். ஆனால் வருகிற ஒவ்வொரு திட்டத்திடமும் அத்தையின் கேள்வியைக் கேட்க வேண்டும். எது சீரணமாகிறது, எது இடம் மாறுகிறது? இடம் மாறுவது யார் வீட்டு வாசலுக்குப் போகிறது? மாசு செய்தவன் விலை தர வேண்டும் என்பதைப் பணம் கட்டிவிட்டுக் கையைக் கழுவுவது என்று படிக்கக் கூடாது. அப்படிப் படித்தால் அது பரிகாரம். பரிகாரத்தில் பாவம் செய்தவன் தட்சணை வைப்பான், உழைப்பது வேறொருவன். குரோமியம் ஏறிய கடைசிப் புல், கடைசிச் சேறு அப்புறப்படுகிறவரை அது அழுக்காக்கியவனுடைய கணக்கிலேயே நிற்க வேண்டும். எங்கே போகிறது, யார் எடுக்கிறார், என்ன உறை போட்டு எடுக்கிறார், என்ன சம்பளம் என்று எழுதப்பட வேண்டும். 'அறுவடை, அப்புறப்படுத்தல், கூலி' என்கிற ஒரு வரி பத்து வரியாக விரிய வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. பதப்படுத்திய தண்ணீரில் மிஞ்சுகிற குரோமியத்தை மக்னீசியம் ஆக்சைடு போட்டுப் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து, மறுபடி தோலுக்கே பயன்படுத்துகிற முறை இருக்கிறது. சென்னையில் இருக்கிற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமே அதைப் பல வருஷங்களுக்கு முன்பே தொழிலுக்குக் கொண்டுபோனது. வெளியே விடாத குரோமியத்தை எந்தப் புல்லும் உறிஞ்ச வேண்டாம், எந்த அத்தையும் அறுக்க வேண்டாம். அழுக்கை யார் எடுப்பது என்ற கேள்வியின் அம்மா, அழுக்கை ஏன் விடுகிறாய் என்ற கேள்வி.

இந்த வருஷமும் அதே கல்லூரியில் இருந்து அழைப்பு வந்திருக்கிறது. 'இலக்கியத்தில் நீர்' என்று பேசச் சொன்னார்கள். எனக்குப் பதிலாக அத்தை பேசட்டும் என்று எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. அத்தையிடம் சொன்னபோது சிரித்தாள்.

"நான் இன்னாடா பேசறது அங்க?"

"அன்னிக்கி பஸ் ஸ்டாப்புல கேட்டியே அத்தே, அதையே மைக்ல கேளு."

கொஞ்ச நேரம் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "செருப்பு போட்டுக்கினே மேடை ஏறலாமா?" என்றாள்.

ஏறலாம் என்றேன்.